சேவல் கூவும் பக்கத்தோடு நிறுத்து

வெள்ளிமலை
14.6.1987

அன்புள்ள அண்ணனுக்கு பூமாலை எழுதுவது. இங்கே மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி குறைந்ததா?

எடுத்ததும் சண்டைக்கு வருகிறாள் என்று நினைக்காதே. போன வாரம் நீ போட்ட கார்டில் ‘ஸ்தோத்திரம் ரெபேக்கா’ என்று கொட்டை எழுத்தில் ஆரம்பித்திருக்கிறாய். தபால்காரர் சடையன் டீக்கடையில் உட்கார்ந்து அதை முழுசாகப் படித்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். “இன்னா வாத்தியாரம்மா, யாரு இந்த ரெபேக்கா?” என்று கேட்டார். யாரோ விலாசம் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று சமாளித்தேன்.

உனக்குத் தெரியாததா? உன் மாப்பிள்ளைக்கு இந்த வாத்தியார் வேலை கிடைத்தது இந்து ஆதிதிராவிடர் என்ற சர்டிபிகேட்டில். ஞானஸ்நானம் வாங்கியவர் என்று வெளியே வந்தால் வேலை போய்விடும். முன்பெல்லாம் யாரும் கண்டுகொள்ளவில்லை. இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்ததிலிருந்து, யார் எந்த சர்டிபிகேட்டில் உள்ளே வந்தார்கள் என்று ஒருத்தரை ஒருத்தர் துருவுகிறார்கள். இவரோடு பயிற்சிக்குப் படித்த ஒருவர் மேல் மொட்டைக் கடுதாசி போய், அவர் வீட்டுச் சுவரில் என்ன படம் மாட்டியிருக்கிறது என்று பார்க்க ஆள் வந்திருக்கிறது. அதனால் இனிமேல் கார்டு வேண்டாம். கவரில் போடு. மேலே பூமாலை என்று எழுது.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். செல்விக்குப் பத்து வயது ஆகிறது. இங்கே நமக்குக் கோயில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லை. மாதம் ஒரு தரம் யாராவது வீடியோ டெக் எடுத்து வந்து விடிய விடிய படம் போடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு “உன்ன வெட்டாம வுட மாட்டேன்டா” என்று வசனம் பேசுகிறாள். வேதக்கதை ஒன்றாவது தெரிய வேண்டாமா? கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் படிக்க என்ன புத்தகம் நல்லது, பிள்ளைகளுக்குக் காட்டுகிற மாதிரி நம் படங்கள் என்ன இருக்கின்றன என்று எழுது. உன் பிழைப்பே அதுதானே.

அன்புத் தங்கை
பூமாலை

கள்ளக்குறிச்சி
28.6.1987

கர்த்தருக்குள் அன்பான தங்கை ரெபேக்காவுக்கு மாசிலாமணி அண்ணனின் ஸ்தோத்திரம். முதுகு அப்படியேதான் இருக்கிறது. சைக்கிளில் புத்தகப் பெட்டி கட்டுகிறவனுக்கு வேறு எப்படி இருக்கும்? அண்ணிக்கு டூட்டி குறையவில்லை. உங்கள் மூவருக்காகவும் தினமும் ஜெபிக்கிறோம்.

கவரில் போட்டிருக்கிறேன். மேலே ‘திருமதி காசிநாதன்’ என்று எழுதியிருக்கிறேன். பூமாலை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உன் பெயர் ரெபேக்கா. நான் எந்தக் காகிதத்திலும் மறைக்கவில்லை. அதனால்தான் வேலையில்லாமல் புத்தகம் விற்கிறேன். மாப்பிள்ளையைக் குறை சொல்லவில்லை. சொல்கிறேன், அவ்வளவுதான்.

நீ கேட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! முதலில் ஒன்று. புத்தி சொல்லும் புத்தகத்தைக் குழந்தை கையில் கொடுக்காதே. ‘நல்ல பிள்ளையின் நாற்பது குணங்கள்’ என்று ஒன்று இருக்கிறது. நானே விற்கிறேன், ஆனால் என் வீட்டுக்கு வாங்கமாட்டேன். மிஷனரி ஊழியர்களின் சரித்திரங்கள் மாப்பிள்ளைக்கு ஆகும், நல்ல தூக்கம் வரும். செல்விக்கு ‘விடியலில் ஒரு சேவல்’ அனுப்புகிறேன். தன் குருவைச் சேவகர்கள் பிடித்துக்கொண்டு போன ராத்திரியில், “அவரை எனக்குத் தெரியாது” என்று மூன்று தரம் சொன்ன சீடரின் கதை. படங்களும் உண்டு. அது இரண்டு பாகம். முதல் பாகத்தை மட்டும் பொட்டலத்தில் வைத்திருக்கிறேன். சேவல் கூவி, அவர் வெளியே போய் அழுகிற பக்கத்தோடு நிறுத்து. இரண்டாம் பாகம் கடற்கரையில் மெதுவாகப் போகும், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். சேவலோடு நிறுத்தினால் மனசில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். எத்தனையோ குடும்பங்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

படங்களில் ‘இரும்பு ஆணி’ வேண்டவே வேண்டாம். சாட்டையடி ஜாஸ்தி. நைனார்பாளையத்தில் போட்டு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. ‘கரையேறிய படகு’ குடும்பத்தோடு பார்க்கலாம். மூன்று சுருள். சுருள் மாற்றுகிற நேரத்தில் நான் கேள்வி கேட்பேன். சரியாகச் சொல்கிற பிள்ளையைத் திரைக்கு முன்னால் கூப்பிட்டு, பரிசுப் புத்தகத்தில் பெயரெழுதி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்துக் கொடுப்பேன். அதற்காகவே பிள்ளைகள் கண்கொட்டாமல் படம் பார்க்கும்.

அண்ணன்
மாசிலாமணி

வெள்ளிமலை
9.8.1987

அன்புள்ள அண்ணனுக்கு, நலம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. உங்கள் பக்கம் மழை உண்டா? முதுகுக்கு வேப்பெண்ணெய் தேய்த்துப் பார்.

புத்தகம் வந்தது. உன் மாப்பிள்ளை அட்டையைக் கிழித்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தின் அட்டையைப் போட்டுக் கொடுத்தார். ராத்திரி சாப்பிட்டதும் சன்னலைச் சாத்திவிட்டுப் படிக்கிறோம். செல்வி அதை உருப்போட்டுவிட்டாள். எங்கள் வீட்டுச் சேவல் கூவினால், “அம்மா, அந்தச் சேவல் இதே மாதிரிதான் கூவியிருக்குமா?” என்கிறாள். அந்தச் சீடர் மேல் அவளுக்கு ஒரே கோபம். தெரிந்தவரைத் தெரியாது என்று எப்படிச் சொல்ல வாய் வந்தது என்று என்னைக் கேட்கிறாள். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

நீ ‘சொல்கிறேன், அவ்வளவுதான்’ என்று எழுதியதை நான் மறக்கவில்லை. நீ மறைக்காமல் இருக்கிறாய், சந்தோஷம். அண்ணியின் சம்பளத்தில் உலை கொதிக்கிறது. எங்களுக்கு வேறு உலை இல்லை. செல்விக்கு எஸ்தர் என்று பிடிவாதமாகப் பெயர் வைத்தது நீதானே? வேதத்தில் வரும் எஸ்தர் ராணியும் அரண்மனையில் தன் சனம் இன்னதென்று சொல்லாமல்தான் இருந்தாள். அவளை யாரும் மேடையில் நின்று குறை சொல்வதில்லை.

மாவட்டம் முழுக்க மறியல் நடக்கப்போகிறதாமே? நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகாதே.

பூமாலை

வெள்ளிமலை
27.9.1987

அண்ணா, உடனே இரண்டு வரி எழுது. ஆகஸ்டில் நான் போட்டதற்குப் பதில் இல்லை. மறியல் வாரம் முழுக்க பஸ் இல்லை, தபால் இல்லை. மரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருக்கிறார்கள், சில இடங்களில் நம் சனங்களின் குடிசைகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள் என்று கச்சிராயபாளையத்திலிருந்து நடந்து வந்தவர்கள் சொன்னார்கள். எந்த ஊர் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. கார்டாக இருந்தாலும் பரவாயில்லை. எந்தப் பெயராவது எழுது.

பூமாலை

கள்ளக்குறிச்சி
5.10.1987

அன்புத் தங்கைக்கு ஸ்தோத்திரம். பயப்படாதே, உயிரோடு இருக்கிறேன். அண்ணியும் சுகம்.

மறியல் ஆரம்பித்த அன்று நான் எலவனாசூர்கோட்டைப் பக்கம் மாட்டிக்கொண்டேன். முன்னாலும் மரம், பின்னாலும் மரம். ஒரு பம்ப்செட் கொட்டகையில் புத்தகப் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்துக் கிடந்தேன். கொட்டகைக்காரர் போராட்டத்தில் இருக்கிறவர்தான். நான் யார் என்று கேட்காமலே கூழ் கொடுத்தார். “நீ யாருன்னு எனக்குத் தெரிய வாணாம், சாப்ட்டுட்டுப் படு” என்றார். உன் பெயர் என்ன என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அந்த வாரம் முழுக்க எனக்கும் பயமாகத்தான் இருந்தது. சேரியில் எரிந்ததை எழுத மனசில்லை. நேரில் பேசலாம்.

நல்ல சேதி ஒன்று. சபையில் ஜீப் ஏற்பாடு செய்து மலையில் படம் காட்ட என்னை அனுப்புகிறார்கள். ‘கரையேறிய படகு’தான். நவம்பரில் உங்கள் ஊர்ச் சந்தைத் திடலில் போடுகிறோம். செல்வியைக் கூட்டி வா.

அண்ணன்

வெள்ளிமலை
18.10.1987

அண்ணா, உன் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் தூங்கினேன். ஆனால் சந்தைத் திடல் என்று படித்ததும் மறுபடி தூக்கம் போய்விட்டது.

வேறு ஊரில் போடக்கூடாதா? உன் மாப்பிள்ளை, “ஒங்க அண்ணன் வாய வச்சிக்கினு சும்மா இருப்பாரா?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அவருடைய ஹெட்மாஸ்டரும் படம் பார்க்க வருவார். இவரைக் கண்டால் அவருக்கு ஏற்கெனவே ஆகாது.

செல்வியிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாமா வருகிறார் என்று குதிக்கிறாள். வந்தே தீருவாய் என்றால் ஒன்று மட்டும் செய். நாங்கள் பத்தோடு பதினொன்றாகக் கூட்டத்தில் உட்காருகிறோம். நீ எங்களைப் பார்க்காதே. சிரிக்காதே. வீட்டுக்கு வராதே. என் கையால் ஒரு வாய் தண்ணீர் கூட வாங்கிக் குடிக்க முடியாத அண்ணனாக வந்து போ. இதை எழுதும்போது எனக்கு அழுகை வருகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

பூமாலை

கள்ளக்குறிச்சி
30.11.1987

அன்புத் தங்கைக்கு ஸ்தோத்திரம். பத்திரமாக வந்து சேர்ந்தோம். மலைக்குளிரில் முதுகு பிடித்துக்கொண்டது.

நீ சொன்னபடி உன் பக்கம் திரும்பவே இல்லை, பார்த்தாயா? நீ பச்சைப் புடவையில் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தாய். பார்க்கவில்லை என்றால் எப்படித் தெரியும் என்று கேட்காதே.

படம் எப்படி இருந்தது? மலைச்சனங்கள் அலை வரும்போது காலைத் தூக்கிக்கொண்டார்களே! இரண்டாவது சுருள் மாற்றும்போது நான் கேட்ட கேள்விக்கு ஒரு பிள்ளைக்கும் பதில் தெரியவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது. என் மருமகள்! கணீரென்று சொன்னாள். வழக்கம்போலக் கூப்பிட்டேன், புத்தகத்தில் பெயரெழுதினேன், வாசித்தேன். எஸ்தர் என்று வாய் வந்துவிட்டது. ஞானஸ்நானத்தன்று வைத்த பெயர், வேறு எது வரும்? மைக்கில் ஒரே ஒரு தரம்தான். ஜெனரேட்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

கேட்டிருக்காது, இல்லையா? பதில் போடு.

அண்ணன்

கள்ளக்குறிச்சி
27.12.1987

ரெபேக்கா, பண்டிகை முடிந்துவிட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கார்டு வேண்டாம் என்று நீ சொன்னதால் வாழ்த்து அட்டையும் அனுப்பவில்லை. எல்லோரும் சுகம்தானே? செல்விக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லையே? ஆராதனையில் உட்கார்ந்திருந்தேன், பிரசங்கம் ஒன்றும் காதில் விழவில்லை. “நீங்க ஏன் அந்தப் பேரைச் சொன்னீங்க?” என்று அண்ணி கேட்டுக்கொண்டே இருக்கிறாள். நான் மலைக்கு வரட்டுமா, வரக்கூடாதா? அதையாவது சொல்.

மாசிலாமணி

வெள்ளிமலை
10.1.1988

அன்புள்ள அண்ணனுக்கு, வராதே. நாங்கள் இருக்கிறோம். உங்கள் இருவரின் சுகமும் அறிய ஆசை.

ஜெனரேட்டர் சத்தத்திலும் கேட்டுவிட்டது. வாத்தியார் மகளுக்கு இன்னொரு பெயர் இருக்கிறது, படக்காரர் அவளுக்கு மாமன் முறை என்று யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். டிசம்பரில் தாலுக்காவிலிருந்து ஒருவர் விசாரிக்க வருகிறார் என்று முதல் நாளே தெரிந்தது. புத்தகங்களைச் சாமைக் குதிருக்குள் போட்டு மேலே தானியத்தைக் கொட்டினேன். நீ பெயரெழுதிக் கொடுத்தாயே, அதன் முதல் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். செல்வி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்தவர் நல்ல மனிதர்தான், சத்தம் போடவில்லை. சுவரைப் பார்த்தார், பெட்டியைத் திறந்து பார்த்தார். நான் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே செல்வியைக் கிட்டே கூப்பிட்டார்.

“படம் காட்னாரே, அவரு ஒனக்கு இன்னா வேணும் பாப்பா?”

“எனக்குத் தெரியாது சார்.”

“எஸ்தர்னு ஒன்னத்தான கூப்ட்டாரு?”

“யாரையோ கூப்ட்டாரு. எனக்குத் தெரியாது. பரிசு குடுக்கறாங்கன்னு நான் ஓடினேன்.”

“அம்மாகூடப் பொறந்தவருன்னு சொல்றாங்களே?”

“எங்கம்மாவுக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்ல சார். அந்த ஆள எங்களுக்குத் தெரியாது.”

நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை அண்ணா. சத்தியமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. இவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். வந்தவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். புகாரில் உண்மை இல்லை என்று முடித்துவிட்டார்களாம். வேலை தப்பித்தது. அவள் அப்படிச் சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்து சந்தோஷம் வந்தது. அப்பாடா என்று இருந்தது. என் சொந்த அண்ணனை இல்லை என்று என் பிள்ளை சொல்கிறாள், எனக்குச் சந்தோஷம் வருகிறது. இதை எழுத முடியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை.

மறுநாள் விடியக்காலையில் சேவல் கூவியது. செல்வி எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். “மூணு தடவம்மா” என்றாள். அவ்வளவுதான். அதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. பொழுது சாய்ந்தால் சேவலைக் கூடை போட்டுக் கவிழ்த்து, மேலே சாக்கைப் போட்டு மூடிவிடுகிறாள். இருட்டாக இருந்தால் கூவாது என்று நினைக்கிறாள். அது உள்ளேயிருந்தும் கூவுகிறது. அவள் காதைப் பொத்திக்கொள்கிறாள். பொங்கலுக்கு அதை அறுத்துவிடலாம் என்று இவர் சொன்னதற்கு, “அது இன்னா பண்ணுச்சி?” என்று ஒரே அழுகை.

நீதான் சேவலோடு நிறுத்தச் சொன்னாய். நிறுத்தினேன். ஆணி அடித்த மாதிரி நிற்கும் என்றாயே, நிற்கிறது. இதற்கு என்ன புத்தகம் இருக்கிறது, சொல்.

பூமாலை

கள்ளக்குறிச்சி
19.1.1988

அன்புத் தங்கை பூமாலைக்கு,

கவரின் மேலேயும் இந்தப் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன். கை வந்துவிட்டது.

உன் கடிதத்தை அண்ணிதான் வாசித்தாள். பாதியில் நான் வெளியே போய்விட்டேன். இத்தனை வருஷம் அந்தச் சீடரைக் கை நீட்டிக் காட்டித்தான் பேசியிருக்கிறேன். பம்ப்செட் கொட்டகையில் படுத்திருந்தபோது நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? யாராவது கேட்டால் நான் வேதக்காரன் இல்லை, சேரிக்காரனும் இல்லை, புத்தகம் விற்கிற யாரோ என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவர் கேட்கவில்லை, அதனால் தப்பித்தேன். நான் மறைக்காதவன் என்று உனக்கு எழுதினேனே!

இரண்டாம் பாகத்தை அனுப்புகிறேன். கொட்டாவி வரும் என்றது என் மடத்தனம். அதே சீடர் மறுபடி கடலுக்கு மீன் பிடிக்கப் போகிறார். கரையில் அவருடைய குரு நெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். ஏன் என்னைத் தெரியாது என்றாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பிட வா என்கிறார். சேவலோடு நிறுத்தச் சொன்ன எல்லா வீடுகளுக்கும் போய் நான் இதைச் சொல்ல வேண்டும். முதலில் நீ படித்துக் காட்டு. முழுசாகப் படி, எங்கேயும் நிறுத்தாதே.

நான் வரவில்லை. நீ சொல்லும்வரை வரமாட்டேன். செல்வி மேல் எனக்கு ஒரு பொட்டு வருத்தமும் இல்லை என்று சொல். அவள் சொன்ன பதிலில்தான் அவள் அப்பா வேலையில் இருக்கிறார். அப்படிச் சொல்ல வைத்தது நான். முதலில் சாப்பிடச் சொல்.

உன் அண்ணன்

வெள்ளிமலை
21.2.1988

அன்புள்ள புத்தகக்காரருக்கு,

நலம். நீங்களும் உங்கள் வீட்டில் இருக்கும் நர்ஸம்மாவும் நலமா? உங்கள் முதுகு எப்படி இருக்கிறது? உங்கள் பெயரை எழுதக்கூடாது என்று அம்மா சொன்னதால் இப்படி எழுதியிருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டாம் பாகம் படித்துவிட்டோம். அப்பாவும் உட்கார்ந்து கேட்டார், தூங்கவில்லை. மீன் சுடுகிற படம் நன்றாக இருக்கிறது. அவர் அந்தச் சீடரிடம் என் மேல் அன்பாயிருக்கிறாயா என்று மூன்று தடவை கேட்கிறார். நான் எண்ணிப் பார்த்தேன். அப்படியென்றால் அதற்கு இது சரியாகப் போய்விட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

சேவலுக்கு இப்போது சாக்குப் போடுவதில்லை. கூரை மேல் ஏறி நின்று கூவுகிறது. பரிசுப் புத்தகத்தில் முதல் பக்கம் இல்லை. ஆனால் அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த படம் எப்போது போடுவீர்கள்? நீங்கள் இங்கே வந்தால், யாராவது கேட்டால், உங்களைத் தெரியாது என்றுதான் நான் இன்னும் சொல்ல வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அப்படித்தான் சொல்வேன். ஆனாலும் வாங்க. அம்மா மீன் குழம்பு வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். பின்பக்கத்துக் கதவைத் திறந்தே வைத்திருப்போம்.

இப்படிக்கு,
உங்களுக்குப் பதில் சொன்ன பிள்ளை